தரிசில் காய்த்த வெள்ளரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீ நல்லபடியாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், அந்தக் கிரேன் ஏணியில் ஏறி இறங்கும்போது கால் வழுக்காமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை. இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. யாருக்கும் காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. ஆனால் சுகமாக இல்லை.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசினால் நான் கத்துகிறேன். நான் கத்தினால் நீ வைத்துவிடுகிறாய். போன தடவை "சிக்னல் இல்லக்கா" என்று சொல்லிவிட்டு வைத்தாயே, பின்னால் உன் அறைக்காரர்கள் சிரிப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. மடித்துப் பெட்டிக்கு அடியில் போட்டாலும் அது அங்கேயேதான் கிடக்கும். உன்னோடு வேலை செய்கிறவரின் மாமனார் இந்த வாரம் அங்கே வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வரவில்லை என்று நீ சொல்ல முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மோட்டார் கொட்டகைக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் நிலம், பம்ப்செட்காரர் நிலம், ஆட்டுக்காரம்மா நிலம், அங்கிருந்து மெயின் ரோடு வரைக்கும் எல்லாமே சரக்குப் பெட்டக முனையத்துக்குப் போகிறது. கப்பலில் வரும் பெரிய இரும்புப் பெட்டிகளை ரயிலில் கொண்டுவந்து இங்கே அடுக்கி வைப்பார்களாம். அங்கே துறைமுகத்தில் நீ நாள் முழுக்கத் தூக்கித் தூக்கி வைக்கிறாயே, அதே பெட்டிகள்தான்.

நிலம் போகிறது என்பது ஒரு இடி. அதற்கு மேல் ஒரு இடி, நம் நிலத்துக்கு நேராக எழுதியிருந்த ஒரு சொல். தரிசு. நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் தரிசு என்று எழுதியிருக்கிறது, திரும்பிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டினவரை வெள்ளரிக் கொடி படர்ந்து கிடக்கிறது. விளைகிற நிலத்தை எடுத்தால் வேறு இடத்தில் தண்ணீரோடு கூடிய நிலம் கொடுக்க வேண்டுமாம். தரிசை எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை, கையில் எதையாவது திணித்து அனுப்பிவிடலாம். இப்போது புரிகிறதா, அந்த ஒரு சொல் என்ன வேலை செய்கிறது என்று?

யாரைக் கேட்டு இப்படி எழுதினீர்கள் என்று அவர்கள் அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். தங்கநிற ஃபிரேம் கண்ணாடி போட்ட அந்த அதிகாரி என்னை நிற்க வைத்தே பதில் சொன்னார். "உங்க தம்பிதாம்மா சொன்னார். குடும்பத்துல பொறுப்பான ஆளு சொன்னதைத்தான் எழுதியிருக்கோம்" என்றார். பொறுப்பான ஆள்! நீ துவைத்த சட்டையைக் கொடியிலிருந்து எடுக்கவே நாலு தடவை கூப்பிட வேண்டும்.

போன வருஷம் நீ விடுமுறையில் வந்தபோது மூன்று பேர் வந்தார்களே, நினைவிருக்கிறதா? அந்தக் கண்ணாடிக்காரர், சக்கரம் வைத்த அளவுகோலைத் தள்ளிக்கொண்டு வந்த பெண், கேமராக்காரன். சும்மா ஒரு கணக்கெடுப்பு என்றார்கள். திட்டம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. வெயிலில் வந்திருக்கிறார்களே என்று நான்தான் பிஞ்சாகப் பார்த்துப் பறித்து, நீளவாக்கில் கீறி, தட்டில் வைத்துக் கொடுத்தேன். கேமராக்காரன் கூச்சமே இல்லாமல் இன்னொன்று கேட்டான். கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்து, "கொஞ்சம் உப்பு கிடைக்குமாம்மா" என்று கேட்டார். அவர் என்னிடம் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். நான் முழங்கால் சேற்றோடு மடை திருப்பிக்கொண்டிருந்து எழுந்து வந்தவள். நீ ஷூ போட்டுக்கொண்டு வரப்பில் நின்றிருந்தாய். இங்கே என்ன விளைகிறது என்று அவர் உன்னைக் கேட்டார்.

நீ சொன்னாய், "ஒண்ணும் வெளையறதில்ல சார், சும்மாதான் கெடக்கு" என்று.

வாயில் நம் வெள்ளரிக்காயை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் அதைக் குறித்துக்கொண்டான். அவன் மீசையில் விதை ஒட்டியிருந்தது. கண் முன்னால் பார்த்திருக்கிறான், கடித்துத் தின்றிருக்கிறான், தின்றுவிட்டுத் தரிசு என்று எழுதியிருக்கிறான். ஆட்டுக்காரம்மா மட்டும் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் தட்டைப் பிடுங்கியிருப்பாள்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அது அப்பாவின் வாய். பையும் பேனாவுமாக யார் வந்தாலும் ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். நல்ல விளைச்சல் என்று காதில் விழுந்தால் வரிக்காரன் ஏற்றுவான், வியாபாரி இறக்குவான், சொந்தக்காரன் கடன் கேட்பான். உனக்குப் பெண் பார்த்தபோது கூட, பெண்ணின் அப்பாவிடம் "எங்கங்க, வெறும் மண்ணுதான்" என்று சொல்லி, அவர் பாதிச் சாப்பாட்டில் எழப் பார்த்தாரே! கொட்டகையில் குவித்து வைத்திருந்த காயைப் பார்த்த பிறகுதானே மறுபடி உட்கார்ந்தார். அப்பா மட்டுமில்லை, இந்தப் பக்கம் எல்லோருக்கும் இதே வாய்தான். பம்ப்செட்காரரும் ஒன்றுமில்லை என்றிருக்கிறார். ஆட்டுக்காரம்மாவும் அதையே சொல்லியிருக்கிறாள். ரோடு வரைக்கும் எல்லா நிலமும் தரிசு. விளைச்சலை ஒளிப்பதாக நினைத்து, அவர்களுக்கு வேண்டியதை நாமே தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறோம். அது அவர்களுக்குத் தெரியாமலா கேட்டார்கள்? விவசாயி வாயில் என்ன வரும் என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் விசாரணை வைக்கிறார்கள். ஆட்சேபணை இருப்பவர்கள் வந்து சொல்லலாமாம். நீ வர வேண்டும். அன்றைக்குச் சொன்னது சரியில்லை என்று அதே வாயால் நீ சொன்னால்தான் எடுபடும். சூப்பர்வைசரிடம் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல். என்ன சொல்வாயோ தெரியாது, வா.

உன் மகள் சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. "அத்தை, எனக்கு எப்போ புதுப் பல் முளைக்கும்" என்று கேட்டுக் கேட்டுத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறாள். உன் மனைவி நலம். இந்த அறிவிப்பு வந்ததிலிருந்து அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுகிறார்.

இப்படிக்கு,
உன் அக்கா


தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் கோழிக் கிறுக்கல்தான். ஆனால் நீ எழுதியிருப்பது நன்றாகவே புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

லீவு இல்லை என்கிறாய். சரி, அதையாவது நம்புகிறேன். அதற்குக் கீழே எழுதியிருக்கிறாயே, அந்த முனையத்துக் கம்பெனியின் ஆள் ஒருவன் கோட்டு சூட்டோடு உங்கள் குடியிருப்புக்கே வந்தான் என்று. இங்கே கிரேன் ஓட்டத் தெரிந்தவர்கள் வேண்டும், ஊர்க்காரனாயிருந்தால் முதல் இடம் உனக்குத்தான், வழக்கு வம்பு என்று குடும்பத்தில் யாரும் போகாமல் இருந்தால் போதும் என்று சொன்னானாமே. நீயும் தலையாட்டிவிட்டு, எனக்கு எழுதுகிறாய்: "கொடுக்கிறதை வாங்கிக்கோக்கா. அப்பாவுக்கும் எனக்கும் சோறு போடாத கட்டாந்தரை. அதைக் கட்டிக்கிட்டு ஏன் அழுவுற?"

கட்டாந்தரை. எங்கே, இன்னொரு தடவை சொல்.

இன்று காலையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? விடியும்போதே பறிக்கப் போனேன். அந்த நேரத்தில் காயெல்லாம் முள்ளு முள்ளாக இருக்கும், உள்ளங்கை எரியும். வெயில் ஏறினால் காய் வதங்கிவிடும், அதனால் எரிந்தாலும் அப்போதே பறித்தாக வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். ஒன்று கண்ணில் படாமல் இலைக்கடியில் முற்றிப்போனால், அந்தக் கொடி பூக்கிறதையே குறைத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். உன் மனைவி ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. பறித்து, தரம் பிரித்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, வேன்காரன் ஹாரன் அடிக்குமுன் ரோட்டோரம் கொண்டுவந்து சேர்த்தோம். பிறகு மோட்டார் போட்டேன். மோட்டார் இரண்டு நாளாக உறுமுகிறது, உள்ளே கம்பிச்சுருள் எரிந்துவிடுமோ என்று பயமாயிருக்கிறது. பிறகு மடை திருப்பினேன். இதெல்லாம் கட்டாந்தரையில் நடக்கிறது தம்பி. நீ அனுப்புகிற பணத்தில் இந்த வீட்டு அடுப்பு எரிகிறது என்று உனக்கு யார் சொன்னது? அது முழுக்கச் சின்னவள் பேரில் பாங்கில் கிடக்கிறது, உன் மனைவியைக் கேட்டுப் பார்.

என் புருஷன் என்னை விட்டுவிட்டுப் போனபின் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தேனே, அதே வருஷம்தான் நீ போனாய். அன்றிலிருந்து இந்த மண்ணில் என் கால் படாத நாள் இல்லை. பத்திரத்தில் அப்பா பேர் இருக்கிறது, அடுத்து உன் பேர் வரும். என் பேர் எங்கேயும் இல்லை. இருந்தால் அந்தக் கண்ணாடிக்காரன் என்னிடம் உப்போடு நிறுத்தியிருப்பானா? நீயும் என்னைக் கேட்கவில்லை. "அக்கா, என்ன வெளையுது" என்று அன்றைக்கு ஒரு வார்த்தை என் பக்கம் திரும்பிக் கேட்டிருந்தால் போதும். எனக்கு அவர்கள் மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு கோபம் உன் மேலும் இருக்கிறது. மறைத்து என்ன ஆகப் போகிறது.

அளவு போடுகிறவர்கள் மறுபடி வந்தார்கள். வரிசைக்கு நடுவில் சிவப்புத் துணி கட்டிய கம்புகளை அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு கம்பு நேராக வாய்க்காலிலேயே இறங்கியிருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கி, கொடிக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன். சிவப்புத் துணியைப் பார்த்துக் காக்கை வருவதில்லை. திட்டத்தால் இதுவரை நமக்கு வந்த நன்மை அது ஒன்றுதான்.

உன் மனைவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உன் கடிதத்தை அவளும் படித்தாள். அன்று மத்தியானமே பெட்டியைத் திறந்து உன் சட்டைகளை எல்லாம் எடுத்து வெயில் காட்டி, இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள். நீ வேலைக்கு இங்கேயே வந்துவிடுவாய் என்ற ஆசை. கல்யாணமாகி உன்னோடு சேர்ந்து இருந்த நாட்களை அவள் விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் அவளைத் திட்ட வாயெடுத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டேன். அதிலிருந்து நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரே அடுப்பில் சமைத்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அந்தக் கோட்டுக்காரன் உன்னிடம் விற்றது வேலையை இல்லை. அவளுடைய ஏக்கத்தை எடுத்து, நம் நிலத்துக்கு விலையாகப் பேசுகிறான். இந்த வேலைக்கு ஒரு கோட்டு வேறு.

நீ வந்து அந்தக் கிரேனில் உட்கார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை. கீழே குனிந்து பார்க்கும்போது கிணறு எந்தப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது என்று மட்டும் அடையாளம் வைத்துக்கொள்.

விசாரணைக்கு அப்பாவை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். உண்மையைச் சொல்லச் சொல்லித் தினமும் ஒத்திகை பார்க்கிறோம். நான் அதிகாரி மாதிரி நின்று, பெரியவரே என்ன விளைகிறது என்று கேட்கிறேன். "ஒண்ணுமில்லீங்க" என்கிறார். அவரை என்ன செய்வது சொல்.

அக்கா


அன்புள்ள தம்பிக்கு,

விசாரணை நடந்தது. நீ வரவில்லை. வராதவனுக்கு எதற்கு எழுத வேண்டும் என்று நானும் முறுக்கிக்கொண்டுதான் இருந்தேன். அப்பா எழுதச் சொன்னார். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். பொறுமையாகப் படி.

ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். முன் வரிசையில் அவர்களுக்கு மெத்தை நாற்காலி, தண்ணீர் பாட்டில், டேபிள் ஃபேன். நமக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி. சுவரில் முனையம் எப்படி இருக்கும் என்று பெரிய கலர் படம் மாட்டியிருந்தார்கள். பெட்டிகளைவிட அதில் மரங்கள்தான் அதிகம். நம் கிணறு இருக்கிற இடத்தைத் தேடிப் பிடித்தேன். அங்கே ஒரு பெண் நாயைப் பிடித்துக்கொண்டு உலாத்துகிறாள். அந்த நாய்க்குக் கூட அந்தப் படத்தில் இடம் இருக்கிறது.

நான் ஒரு கூடை நிறைய வெள்ளரிக்காய் கொண்டு போயிருந்தேன். அன்று காலையில் பறித்தது, பூ கூட உதிராமல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளிப் பொருள் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் காவலாளி மறித்தான். நான் சும்மா விடுவேனா? அவனோடு மல்லுக்கட்டி உள்ளே கொண்டுபோய்க் கண்ணாடிக்காரன் மேஜையில் வைத்தேன். அவன் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "சந்தையில வாங்கிட்டு வந்திருப்பீங்க" என்றான். போன வருஷம் எங்கள் வரப்பில் உட்கார்ந்து தின்றீர்களே, அது எந்தச் சந்தை என்று கேட்டேன். முன் வரிசையில் ஒருவர் இருமினார். கண்ணாடிக்காரன் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டான்.

ஒவ்வொருவராகப் போனார்கள். ஒவ்வொருவரிடமும் அவன் ஒரே பாட்டுதான் பாடினான்: போன வருஷம் நீங்களே ஒன்றுமில்லை என்றீர்களே! பம்ப்செட்காரர் எவ்வளவு பெரிய வாய்க்காரர், உனக்குத் தெரியும். அவரே வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டார். ஆட்டுக்காரம்மா, "அது சும்மா சொன்னதுய்யா, எல்லாரும் சொல்றதுதான்" என்றாள். மண்டபத்தின் முன்பக்கம் சிரித்தது. பொய் சொன்னதாக நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள் என்று எழுதிக்கொள்ளச் சொன்னான்.

பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்கள். நான் கூடவே போய் மைக்கைத் தாழ்த்தி வைத்தேன். கண்ணாடிக்காரன் கேட்டான். அப்பா வாயைத் திறந்து "ஒண்ணும்" என்றார். அந்தச் சொல்லிலேயே நிறுத்தி, தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் ஆரம்பித்தார்.

தம்பி, அவர் பேசினதை நீ கேட்டிருக்க வேண்டும். எத்தனை பறிப்பு, ஒரு பறிப்புக்கு எத்தனை மூட்டை, வேன் போதாமல் இரண்டு நடை போகிற மாதங்கள் எவை, வரப்பில் பூசணி, ஓரத்தில் அவரை, கிணற்றில் எந்தக் கோடையிலும் எந்தக் கல்லுக்குக் கீழே தண்ணீர் இறங்காது, எல்லாவற்றையும் சொன்னார். வாழ்நாள் முழுக்க வாயில் அடக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினார். கடைசியில் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "இது என் பொண்ணு. என் கையில வெளைஞ்சதைவிட இவ கையிலதான் அதிகமா வெளையுது" என்றார்.

அதை அவர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு நாள் கூட. அதையும் விளைச்சலோடு சேர்த்து மறைத்துவிட்டார் போலிருக்கிறது. முதல் தடவையாக நான் அதைக் கேட்கிறேன், கேட்கும்போது முன்னால் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடிக்காரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஏன் பெரியவரே, போன வருஷம் வெறும் மண்ணு, இப்ப நாங்க எடுக்கிறோம்னதும் பொன்னா வெளைஞ்சிடுச்சா?" என்றான். மறுபடி சிரிப்பு. அப்பா அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கூட ஏதோ தமாஷ் நடக்கிறது என்று நினைத்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவர்களை மன்னிக்கவும் மாட்டேன்.

அப்போது பின்னால் ஒரு நாற்காலி சாய்ந்தது. திரும்பினால் உன் மனைவி நிற்கிறாள். நாலு பேர் எதிரில் தண்ணீர் கேட்கக் கூச்சப்படுகிறவள். "எங்க மாமா சொல்றதுதான் நெசம். கூட நின்னு பறிக்கிறவ நான். என் வீட்டுக்காரர் சொன்னது தப்பு" என்றாள். அப்படிச் சொன்னால் உனக்கு வரவிருக்கும் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

அதற்குக் கண்ணாடிக்காரன், சொன்னவர் தவறென்றால் சொன்னவரே நேரில் வரட்டும், அடுத்த அமர்வு வரை பார்ப்போம், இல்லையென்றால் பழைய வாக்குமூலம்தான் நிற்கும் என்று சொல்லி மைக்கை அணைத்துவிட்டான். கூடையைத் திருப்பி எடுக்கப் போனேன். பாதிக் காயைக் காணோம். தின்றுவிட்டார்கள், தம்பி. மறுபடியும் தின்றுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கொட்டகைப் படியில் உட்கார்ந்தார். "அவன்கிட்டயும் ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னேன்" என்றார். யாரிடம் என்று கேட்டேன். உள்ளே இருந்து உன் மனைவி வந்து, உன்னிடம்தான் என்றாள். கல்யாணமான புதிதில் நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய், இந்த நிலத்தில் இரண்டு அடுப்பு எரியாது என்று அப்பா சொன்னதால்தான் நீ கப்பலேறினாய் என்று. மோட்டார் கடன், கிணறு வெட்டியது கடன், சந்தையில் விலை இல்லை, எதுவும் மிஞ்சவில்லை என்று தினமும் கேட்டுக் கேட்டு, அவருக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்று போனாயாம்.

உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். சோறு போடாத மண் என்று நீ எழுதினதைத் திமிர் என்று நினைத்து எப்படியெல்லாம் திட்டித் தீர்த்தேன். அன்றைக்கு வரப்பில் நின்று ஒன்றும் விளைவதில்லை என்றாயே, நம் எல்லோரையும் போல மறைக்கத்தான் சொன்னாய் என்று நினைத்தேன். விளைந்தும் ஒன்றும் மிஞ்சாத மண் என்று நம்பியே நீ சொல்லியிருக்கிறாய். காயைப் பறித்துப் போடுவாய், சந்தைக்கு அவர்தான் போவார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வருவார். உனக்கு எப்படித் தெரியும்? மோட்டாரும் கிணறும் கடனில் வந்தவை இல்லை, தம்பி. வெள்ளரிக்காயில் வந்தவை. வரிக்காரனுக்கும் வியாபாரிக்கும் சொல்லிப் பழகின வாய், பெற்ற பிள்ளையிடமும் அதையே சொல்லிவிட்டது.

அதிலிருந்து அப்பா மாறிவிட்டார். யாரைப் பார்த்தாலும் விளைச்சலைச் சொல்கிறார். டீக்கடையில் சொல்கிறார், வேன்காரனிடம் சொல்கிறார், சின்னவளின் டீச்சரை நிறுத்திச் சொல்கிறார். நம் நிலத்து ஓரமாகப் பள்ளம் தோண்ட ஜேசிபி வந்திருக்கிறது. அதை ஓட்டுகிற பையனிடமும் போய்ச் சொல்கிறார். அவன் இன்ஜினை நிறுத்தாமலே தலையாட்டுகிறான். எல்லோரும் தலையாட்டுகிறார்கள், பாவம் பெரியவர் என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒன்றுமில்லை என்று சொன்னபோது அத்தனை பேரும் நம்பினார்கள். உண்மையைச் சொன்ன பிறகு அவரை நம்ப ஒருவரும் இல்லை.

தினமும் சாயங்காலம், "அவனுக்கு எழுதிட்டியா" என்று கேட்கிறார். என்ன எழுத என்றால், "ரெண்டு குடும்பத்துக்குப் போதும்னு எழுது. முந்தியும் போதும்தான்னு எழுது" என்கிறார். எழுதிவிட்டேன்.

நானும் உன் மனைவியும் இப்போது ஒரே மூலையில்தான் சாப்பிடுகிறோம். இஸ்திரி போட்ட உன் சட்டைகளை அவள் திருப்பிப் பெட்டியில் வைக்கவில்லை, ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள்.

வருவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். இனிமேல் கத்த மாட்டேன். நிலம் நிற்குமா போகுமா, எனக்குத் தெரியாது. நிற்பதற்காக நான் கடைசிவரை அவர்களோடு மல்லுக்கட்டத்தான் போகிறேன், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். நீ மண்ணுக்காக வராவிட்டால் போகிறது. அந்த மண்டபத்தில், சிரித்த அதே ஆட்கள் எதிரில், எங்கள் அப்பா பொய் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டுப் போ. அவர் உன்னிடம் பொய் சொன்னவர்தான். இருந்தாலும் சொல்.

நீ நன்றாக இரு. உன் கையும் காலும் பத்திரமாக இருக்கட்டும். இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலத்தில் கொஞ்சம் விதை வைத்திருக்கிறேன். அப்பா கொடுத்தார். உன் பங்கு என்று சொன்னார்.

என்றும் உன் நலம் நினைக்கும்
அக்கா